மரச்சுவருக்கு அந்தப் பக்கம்

அந்த ஜன்னல் கட்டிலில் படுக்க மாட்டோம் என்றார்கள். குளிர்காய்ச்சலில் பல் தந்தியடிக்க வந்தவர்கள்கூட, "சிஸ்டர், எனக்குத் தரையே போதும்" என்று பாயை விரித்துக்கொண்டார்கள். வார்டிலேயே நல்ல இடம் அதுதான். கடல் காற்று நேராக வரும். மற்ற இடங்களில் கூரை ஒழுகும், அங்கே ஒழுகாது. அதைக் காலியாக விட்டுவிட்டு ஈரத் தரையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கிடந்தவர்களைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கட்டிலில் செத்துப்போனவர் இன்னும் எழுந்து போகவில்லை என்று அவர்கள் நம்பினார்கள். அது எவ்வளவு சரி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கிரேட் நிக்கோபாரில், கேம்பல் பேயிலிருந்து தள்ளி, காட்டை வெட்டிக் குடியேறியவர்களுக்காகப் போட்ட தற்காலிக ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்பது மரியாதைக்குச் சொல்வது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு நீளக் கொட்டகை, அவ்வளவுதான். இன்று அந்த இடத்தில் ஒரு பலகைகூட இருக்காது. பெரிய வியாதி என்றால் போர்ட் பிளேர் போக வேண்டும். போர்ட் பிளேர் போகக் கப்பல் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது அந்தக் கப்பலுக்கே தெரியாது.

நான் திருநெல்வேலிப் பக்கம். நர்ஸ் படிப்பை முடித்து, சர்க்கார் வேலை என்ற ஆசையில் மெயின்லேண்டை விட்டுக் கப்பலேறினேன். போர்ட் பிளேரில் ஷாதிபூரில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கிருந்து இங்கே தூக்கியடித்தார்கள். என் வாய்த் துடுக்குக்குக் கிடைத்த பரிசு என்று கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். இருக்கலாம். என் வாய் அன்றும் சும்மா இருந்ததில்லை, இன்றும் இல்லை.

ஜன்னல் கட்டிலில் கடைசியாகப் படுத்திருந்தவர் ஒரு பழைய ஹவில்தார், மதுரைக்காரர். மரம் வெட்டும்போது கிளை விழுந்து இடுப்பு நொறுங்கி வந்தார். புண் சீழ் பிடித்தது. இருந்த பென்சிலின் கொஞ்சம். அதை இவருக்குப் போட்டு வீணாக்க வேண்டாம், பிழைக்கக்கூடியவர் யாராவது வந்தால் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் கல்கத்தாக்காரர், சின்ன வயசு. கெட்டவர் இல்லை. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்கூட. ஆனால் எனக்குக் கணக்கு வராது. அவர் அறையில் நின்றுகொண்டு சத்தமாகச் சண்டை போட்டேன். கடைசியில் அவர் கையை விரித்து, "டீக் ஹை சிஸ்டர், போடுங்கள்" என்றார்.

ஜெயித்துவிட்ட தெம்பில் ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கட்டிலுக்குப் போனேன். ஹவில்தார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வேற யாருக்காச்சும் போடுங்க, சிஸ்டர்" என்றார். ரொம்ப மரியாதையாக, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர் மாதிரி சொன்னார். நான் கத்தினேன், கெஞ்சினேன், பிள்ளைகுட்டியை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அதே வார்த்தையைத்தான் திரும்பச் சொன்னார். பட்டாளத்துக்காரன் பிடிவாதம் என்று நான் ஆயாவிடம் புலம்பினேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டிலை யாரும் தொடவில்லை. அந்தப் பயத்துக்கு ஆயா தூபம் போட்டாள். அவள் அந்தமானிலேயே பிறந்து வளர்ந்தவள். கைதிகள் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம், தமிழ் பாதி தேய்ந்து இந்தி பாதி ஏறிய பேச்சு. "அரே சிஸ்டர், நான் ஜூட் சொல்லல. சாயங்காலம் அந்தக் கட்டில் கிரீச்சுனு அடிக்குது. ஆத்மி இன்னும் அங்கயே இருக்காரு" என்பாள். அவள் பேச்சில் ஜூட் என்றால் பொய், ஆத்மி என்றால் ஆள். கட்டிலைப் பினாயிலால் கழுவி வெயிலில் போட்டாயிற்று, மெத்தையை மாற்றியாயிற்று. ஒன்றும் எடுபடவில்லை.

ஒருநாள் மத்தியானம் பொறுமை போய்விட்டது. வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டேன். "பாருங்க எல்லாரும். நல்லாப் பாருங்க. ஹவில்தார் என்னைப் பிடிச்சுக் கடிச்சா நானே கத்துறேன்" என்றேன். ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள். படுத்தது படுத்தாயிற்று, உடனே எழுந்தால் பயந்துவிட்டேன் என்பார்களே என்று கொஞ்ச நேரம் கிடந்தேன்.

நர்ஸ் படிப்பில் எங்களுக்குக் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். உடம்பு, மனசு, ஆன்மா, மூன்றும் சேர்ந்ததுதான் நோயாளி. காற்று, வெளிச்சம், சுத்தம், உணவு, அமைதி, இவையெல்லாம் மருந்தில் சேர்த்தி. நோயைப் பார்க்காதே, ஆளைப் பார். உருப்போட்டு எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் நோயாளியின் கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கும்போது எனக்குத் தெரிந்த வார்டு வேறு, படுத்ததும் தெரிந்த வார்டு வேறு. வருகிறவர்களின் முகவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரிந்தன. தண்ணீர்ச் செம்பை நான் வழக்கமாக வைக்கும் முக்காலி, இடுப்பு உடைந்த மனிதரின் கைக்கு எட்டாத பக்கம் இருந்தது.

அப்போது என் காதருகே யாரோ ஸ்பூனால் டீ கலக்கினார்கள்.

திடுக்கிட்டு எழுந்து பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடி தலையைச் சாய்த்தேன். கிளாசில் ஸ்பூன் உராய்வது, ஒரு உறிஞ்சல், பிறகு கம்பவுண்டரின் குரல். சர்க்கரை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருகிறது, ஆயாவைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்று இந்தியில் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டுச் சுவர்தான் டாக்டர் அறையின் சுவர். ஒற்றைப் பலகை. நின்றால் ஒன்றும் கேட்காது. தலையணையில் தலை வைத்தால், டீ கலக்குவது கேட்கிறது.

டீ கலக்குவது கேட்டால் மற்றதும் கேட்டிருக்கும். நான் போட்ட சண்டை கேட்டிருக்கும். இவருக்குப் போட்டு வீணாக்க வேண்டாம் என்பது கேட்டிருக்கும். 'வேற யாருக்காச்சும் போடுங்க, சிஸ்டர்.' அந்த மனிதர் பிடிவாதம் பிடிக்கவே இல்லை. எங்களுடைய தீர்ப்பைப் படுத்தபடியே கேட்டு, ஒத்துக்கொண்டு, எங்களுக்கு உதவி செய்திருக்கிறார்.

இங்கிலீஷில்தானே பேசினோம் என்று டாக்டர் சொன்னார், நான் போய்ச் சொன்னபோது. அங்கே எல்லாரும் செய்த தப்பு அது. ரகசியம் என்றால் இங்கிலீஷ், பாதி ரகசியம் என்றால் இந்தி. குடியேறியவர்கள் முழங்கால் வரை சேறும் தோளில் மண்வெட்டியுமாக வந்து நிற்பார்கள். அவர்களை நாங்கள் கிராமத்து விவசாயிகளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பட்டாளத்தில் உழைத்தவர்கள் என்பதால்தான் சர்க்கார் அவர்களுக்கு அங்கே நிலமே கொடுத்தது. அது ஊரறிந்த விஷயம். இங்கிலீஷில் உத்தரவு வாங்கி இந்தியில் சோறு கேட்டுப் பாதி ஆயுசைக் கழித்த மனிதர்கள் காதுபட, அதே இங்கிலீஷையும் இந்தியையும் திரை மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு பேசியிருக்கிறோம். டாக்டர் எழுந்து போய் அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தார். பாவம், அவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேயை மந்திரித்து ஓட்டலாம். அந்த ஒரு வாக்கியத்தை நான் எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? இருட்டுகிற நேரத்தில் விளக்கேற்றப் போகும்போது அது கேட்கும். யாருக்காவது ஊசி போட்டுப் பஞ்சை அழுத்தும்போது கேட்கும். ஆயா சொன்னபடி ஆத்மி அங்கேயேதான் இருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். வட ஆர்க்காட்டுக் குடும்பம். புருஷன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவளுக்கு ஏழாம் மாசம், மலேரியா, உடம்பில் ரத்தமே இல்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. எது சாப்பிட்டாலும் வாந்தி. கப்பல் வரும்வரை அவளை எப்படியாவது ஓட்டிவிட்டால், போர்ட் பிளேரில் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வார்கள். ஓட்ட வேண்டும், அதுதான் எங்கள் வேலை. ஆனால் அவள் கஞ்சிக்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

காற்றும் ஒழுகாத கூரையும் வேண்டும். ஜன்னல் கட்டிலைத் தவிர வேறு வழியில்லை. புருஷன் அதைப் பார்த்துத் தயங்கினார். அவர் முன்னாலேயே நான் ஏறிப் படுத்து எழுந்தேன். அவர் அவளை அதில் கிடத்தினார்.

டாக்டரும் கம்பவுண்டரும் இப்போது கவனமாக இருந்தார்கள். அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் குசுகுசுவென்று பேசினார்கள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஒருநாள் காலையில் அவள், "என்னப் பத்தி ஏன் சிஸ்டர் ரகசியமாப் பேசுறாங்க? அவ்ளோ கெட்டுப் போயிருக்குதா?" என்று கேட்டாள். அவளுக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. கிசுகிசுப்புக்கு எந்த மொழி வேண்டும்?

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன். ஹவில்தாரைச் சாகடித்தது அந்தச் சுவர் என்றால், இவளைப் பிழைக்க வைக்கவும் அதே சுவர் ஆகாதா? மறுநாள் அவளைப் பரிசோதித்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன். பலகைக்குப் பக்கத்தில் நின்று, நல்ல தமிழில், கணீரென்று, "டாக்டர், ஜன்னல் கட்டில் பொண்ணுக்கு இன்னிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கு. பிள்ளை நல்லா உதைக்குது. குழல் வச்சுக் கேட்டேன், துடிப்பு குதிரை ஓடுற மாதிரி ஓடுது" என்றேன். டாக்டருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. முதலில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார். விஷயத்தைச் சைகையில் சொன்னதும் கண் விரிந்து, உரக்க, "அச்சா! வெரி குட், சிஸ்டர்! பஹுத் அச்சா!" என்றார்.

பொய் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். உண்மையில் நல்லதாக எது இருக்கிறதோ அதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவேன். காய்ச்சல் ஏறியிருந்தால் அதைப் பற்றிப் பேச்சில்லை, பிள்ளையின் உதையைப் பற்றிப் பேசுவேன். அன்று மத்தியானமே அவள் கஞ்சி கேட்டாள். மறுநாளும் கேட்டாள். வாந்தி நின்றது. கூடச் சேர்ந்து டாக்டரும் நாடகக்காரர் ஆகிவிட்டார். நான் வாயைத் திறக்குமுன்பே "அச்சா, அச்சா" என்று ஆரம்பித்துவிடுவார். புருஷன் வெளியே இளநீர் சீவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இப்பதான் சிஸ்டர் அவ மூஞ்சியப் பார்க்க முடியுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைத்தான் அந்தக் கரும்பலகை வட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள், நான் அதைக் கையால் செய்துகாட்டுகிறேன் என்று பெருமையாக இருந்தது. இருட்டுகிற நேரத்தில் ஹவில்தாரின் குரல்கூடக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

அவள் பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைப் பதறவைப்பது என் நோக்கம் இல்லை. கப்பல் வந்தது, அவளை உயிரோடு ஏற்றினோம், போர்ட் பிளேரிலிருந்து நலமாக ஊர் திரும்பினாள். நான் சொல்ல வந்தது கப்பலுக்கு முந்திய ஒரு காலையைப் பற்றி.

அன்று மழை இல்லை. வருஷம் முழுக்கத் தகரத்தில் கொட்டித் தீர்க்கும் பாழாய்ப்போன மழை அன்றைக்கென்று பார்த்து இல்லை. வழக்கம்போல அலுமினியக் குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். அவளுடைய இதயம்தான் கேட்டது. குழலை நகர்த்தினேன். இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு எனக்கு உதவி செய்தாள். கடல் இரைந்துகொண்டிருந்தது. நான் நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்வதுபோலச் சரிசெய்து, "டாக்டரைக் கூப்பிடுறேன், அவரும் ஒரு தடவை பாக்கட்டும்" என்றேன். டாக்டர் வந்தார், குனிந்தார், வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்ததும் என்னைப் பார்க்காமல் போனார். நான் பின்னாலேயே போனேன்.

அந்த அறையில் பலகைக்குப் பக்கத்தில் என் வழக்கமான இடத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். பொறுக்கி எடுக்க அன்று ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கஞ்சி குடித்தாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை. டாக்டரும் "அச்சா" சொல்லவில்லை. கம்பவுண்டர் கையில் இருந்த டீயைக் கலக்காமல் அப்படியே வைத்துவிட்டார். மூன்று பேரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாங்கள் பேசாமல் நிற்பது அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பிப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அவள் தலையணையில் கன்னத்தை வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். ஹவில்தார் திரும்பியிருந்த அதே மாதிரி.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியேக்கா" என்றாள்.

அதுவரை என்னை அவள் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குக் கேக்கணும்னுதான அங்க போய்ச் சொன்னீங்க? எனக்கு மொத நாளே தெரியும். அந்த டாக்டருக்குத் தமிழு தெரியாதுல்ல" என்றாள். "நல்லதச் சொல்றீங்களேன்னு நானும் ஒண்ணும் கேக்கல. ஆனா தினம் விடிஞ்சா வயித்துல கத்தி வெச்ச மாதிரி இருக்கும்க்கா. நீங்க போயி அந்தப் பக்கம் பேசுற வரைக்கும், இன்னிக்கு இன்னா சொல்லுவீங்களோ, இன்னிக்கு எத சொல்லாம வுட்டுடுவீங்களோன்னு."

நான் அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அவள் அழவில்லை.

"இனிமே செவுத்துக்கிட்ட சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். துடிப்பு கேட்கவில்லை என்றேன். டாக்டருக்கும் கேட்கவில்லை என்றேன். இனி வலி தானாக வரும், வராவிட்டால் வரவழைப்போம், அதில் அவளுக்கு ஆபத்து உண்டு, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றேன். இதையெல்லாம் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து நான் அதற்கு முன் சொன்னதே இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளைக்கு வலித்திருக்குமா என்று கேட்டாள். "நான் அன்னிக்குக் கஞ்சிய வேணாம்னு சொன்னேனே, அதனாலயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை, அதனால் இரண்டு தடவை சொன்னேன். அப்போதுதான் அவள் உதடு கோணி அழுகை வந்தது. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆயா வந்து அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவருகிட்ட நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்" என்றாள்.

வெளியே போய்ப் புருஷனை உள்ளே அனுப்பினேன். எங்கே போவது என்று தெரியாமல் கால் பழக்கத்தில் டாக்டர் அறைக்குள் போய், பலகையில் தலை சாய்த்து நின்றேன். டாக்டர் நாற்காலியில் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கேட்கக் கூடாது என்று விலகியிருக்க வேண்டும். எனக்குக் கால் வரவில்லை.

"இங்க வந்து ஒக்காருங்க. கைய குடுங்க. புள்ள போயிடுச்சுங்க." அதற்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை அழும் சத்தம், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுவது. அவள் அவரைக் கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு சொன்னாள்: "போதும், அழாதீங்க. அந்தக் கஞ்சிய எடுத்துக் குடுங்க. கப்பல் வர்ற வரைக்கும் நான் இருக்கணும்ல."

டாக்டர் மேஜையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள், சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாங்க டாக்டர், அவகிட்டயே போய்க் கேப்போம்" என்றேன்.